பஞ்சுதான் பிரச்சினை: குழந்தைக்குத் தைத்த துண்டுத்துணிப் போர்வை, சில வருடங்களுக்குப் பிறகு

தோழி ஒருத்தி பேரப்பிள்ளைக்குப் போர்வை தைக்கப் போகிறாளாம். "உன் அண்ணன் மகளுக்குத் தைத்தாயே, அதே மாதிரி வேணும். நடுவுல என்ன பஞ்சு வைக்கட்டும்?" என்று போனில் கேட்டாள். பதில் சொல்லச் சொல்ல எனக்குச் சூடேறிவிட்டது. அதையே இங்கும் எழுதி வைக்கிறேன்.

தையல் தெரிந்தவர்களுக்கு அளவு மட்டும் சொன்னால் போதும். 5 அங்குலச் சதுரங்கள் 80. அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10. ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விட்டால் 36-க்கு 45 அங்குலம் வரும். அடித்துணிக்கு 44 அங்குல அகலப் பருத்தியில் ஒன்றரை மீட்டர் எடுத்தால் ஒட்டுப் போட வேண்டியதில்லை. முதல் பிறந்தநாள் கழிந்த பிறகுதான் பிள்ளை கையில் கொடுத்தேன். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தோழிக்கும் முதலில் இதைத்தான் சொன்னேன்.

சரி, பஞ்சுக்கு வருகிறேன். கெக்காபு, அதாவது நம்முடைய இலவம்பஞ்சு, ஆகாது. தலையணைக்கு அதைப் போல் சுகம் வேறில்லை. ஆனால் இழை குட்டை, வழுவழுப்பு. தண்ணீரில் போட்டு அலசினால் ஒரு மூலையில் போய்த் திரண்டு உட்கார்ந்துவிடும். பாலியஸ்டர் பஞ்சு சீக்கிரம் காயும், ஆனால் இரவில் காற்றாடி மட்டும் சுற்றுகிற வீட்டில் பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்த்துவிடும். அதனால் விரிப்பாக விற்கிற பருத்திப் பஞ்சை வாங்கினேன். கடையிலும் அதையே உயர்வாகச் சொன்னார்கள்.

அந்தப் பஞ்சின் மேல் தரக் குறை எதுவும் சொல்ல முடியாது. இத்தனை வருடத்தில் ஓரிடத்தில்கூட நகரவில்லை, திரளவில்லை. முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கி, மேல்துணியில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. அதற்கப்புறம்தான் போர்வைக்கு அழகே வந்தது. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிறது. தையல் வரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்று உறையிலேயே போட்டிருந்தார்கள். அதைவிட நெருக்கமாகவே மெஷினில் ஓட்டினேன், ஒரு தையலும் விடவில்லை.

ஆனால் காயாது! இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அக்டோபர், நவம்பர் வந்தால் மத்தியானத்துக்கு மேல் மழையை எதிர்பார்த்தேதான் துணி காயப்போடுகிறோம். காலையில் கொடியில் போட்டால் மழைக்குள் மேல்துணியும் அடித்துணியும் காய்ந்துவிடும். தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். உள்ளே பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மடித்து வைத்தால் மறுநாள் மக்கல் வாடை. அண்ணி மறுபடியும் துவைப்பார், மறுபடியும் மழை வரும்.

இதில் பிள்ளையின் பாடுதான் பெரிது. அவளுக்கு அந்தப் போர்வை இல்லாமல் தூக்கம் வராது. அப்பாவின் பழைய கைலி எந்தச் சதுரம், பாட்டியின் பாத்திக் துணி எந்தச் சதுரம் என்று இருட்டிலும் விரலால் தடவிச் சொல்வாள். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அது. ஈரப் போர்வை கொடியில் தொங்கும் இரவில், "அத்தை, காஞ்சிருச்சா?" என்று எனக்கே போன் வரும்.

டோபிக் கடை உலர்த்தியில் போடலாமே என்பீர்கள். போடுகிறார்கள், நன்றாகவே காய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் சூட்டில் ஓரப்பட்டி வெளுத்து, அவள் பிடித்துத் தூங்கும் மூலையில் நூல் பிரியத் தொடங்கிவிட்டது. போன வாரம் அந்த மூலைக்கு மட்டும் புதுப் பட்டி வைத்துத் தைத்தேன். மேலும், ஒரு குழந்தைப் போர்வையைக் காய வைக்க வண்டி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும் என்றால், அதை இந்த ஊருக்கு ஏற்ற போர்வை என்று எப்படிச் சொல்வது?

ஆகவே தோழிக்கு நான் சொன்ன பதில்: பஞ்சே வேண்டாம். இவ்வளவு மெத்தென்று, இவ்வளவு உறுதியாக இருந்தும் வேண்டாம். நடுவில் ஒரு பழைய பருத்தி பெட்ஷீட் வை. மூன்று துணியும் சேர்ந்து காலை வெயிலிலேயே காய்ந்துவிடும். நம் ஊர் வெக்கைக்கு அந்தக் கனம் போதும். அண்ணனின் இரண்டாவது பிள்ளைக்கு நானும் அப்படித்தான் வெட்டி வைத்திருக்கிறேன். பாத்திக் சேர்ப்பதாக இருந்தால், சாயம் போவது நிற்கும்வரை தனியாக அலசிவிட்டு அப்புறம் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.