ஊட்டியிலிருந்து இறங்க கோத்தகிரி சாலையா, குன்னூர் சாலையா?

மேட்டுப்பாளையம் தாண்டியதும் ஊட்டிக்கு இரண்டு வழி. கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாகப் போவது தேசிய நெடுஞ்சாலை 181. குஞ்சப்பனை, அரவேணு, கோத்தகிரி என்று ஏறுவது மாநில நெடுஞ்சாலை 15. குடும்பத்தோடு காரில் போனால் இப்போது நான் எடுப்பது கோத்தகிரி சாலைதான், அதுவும் இறங்கும்போது கட்டாயம்.

தூரம் பார்த்தால் குன்னூர் வழி சுமார் 10 கிலோமீட்டர் குறைவு. ஊட்டிக்குப் பேருந்துகளும் அதில்தான் அதிகம். நீலகிரிக்குள் வண்டி நுழைய வாங்கும் இ-பாஸ் இரண்டுக்கும் வேண்டும். இதெல்லாம் சரி, என் முடிவுக்குக் காரணம் பிரேக்.

குன்னூரும் கோத்தகிரியும் ஏறத்தாழ ஒரே உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து தூரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே மொத்தச் சரிவில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள்; கோத்தகிரிப் பக்கம் அவை குறைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் வேகத்தை நன்றாகக் குறைத்தாக வேண்டும். முன்னால் லாரியும் பேருந்தும் ஊர்ந்தால், செகண்ட் கியரில் இறங்கினாலும் கால் பிரேக்கிலேயே கிடக்கும். பிரேக் சூடேறிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு குறையும். மலைக்குப் பழகாத ஓட்டுநருக்கு இது பெரிய ஆபத்து. 2023 செப்டம்பரில் குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போனதை மறக்க முடியவில்லை. கோத்தகிரி வழியில் போக்குவரத்து குறைவு என்பதால் கியரின் பிடியிலேயே நிதானமாக இறங்கலாம், பிரேக்கும் ஆறிக்கொண்டே வரும். சீசனில் போலீஸார் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவதும் வழக்கம்தான்.

அப்புறம், இந்தக் கோத்தகிரி சாலை ஊர்களின் சாலை. தேயிலைத் தோட்டங்கள், படுகர் ஊர்கள், குஞ்சப்பனைப் பக்கம் இருளர் குடியிருப்புகள், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி இறக்கும் வண்டிகள். அவர்களுக்கு இது அன்றாட வழி. ஒதுங்கி வழிவிட்டுப் போக வேண்டும்.

பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனையில் யானைகள் சாலைக்கே வரும், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். கனமழையில் நான் இதில் ஓட்டியதில்லை, அதனால் அப்போதும் இதுவே மேல் என்று சொல்லமாட்டேன். 2009 நவம்பர் நிலச்சரிவு கோத்தகிரியையும் விட்டுவைக்கவில்லை. சிம்ஸ் பூங்கா பார்க்க வேண்டுமென்றால் போகும்போது குன்னூர் வழியாக ஏறிக்கொள்ளுங்கள்.