கடலோரத்தில் இரண்டாவது வீடு: எந்தப் பகுதியில் வாங்கலாம்?

கடலோர ஊர் ஒன்றில் இரண்டாவது வீடாக ஒரு பிளாட் வாங்க நினைப்பவர்கள், பெரும்பாலும் அந்த ஊருக்கு விடுமுறைக்குப் போயிருக்கும்போதே பகுதியையும் பார்த்து வைத்துவிடுகிறார்கள். வானம் தெளிந்திருக்கும், கடைகள் திறந்திருக்கும், மாடியில் நின்றால் காற்று ஆளை அள்ளும். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நல்ல தெருவாகத்தான் தோன்றும். ஆனால் வாங்கப்போகும் வீடு ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கப்போகிறது. குடியிருக்கும் வீட்டுக்கு இடம் தேடும்போது பள்ளி எங்கே, அலுவலகம் எவ்வளவு தூரம் என்று கேட்போம். இங்கே அந்தக் கேள்விகளுக்கு வேலையில்லை. பூட்டிய வீட்டை எந்தப் பகுதி குறைந்த சேதத்தோடு காத்துத் தரும் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டியது என்பது என் கருத்து. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, கடலோர ஊர்களில் பொதுவாகக் காணக்கூடிய நான்கு வகைப் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்: கடலை நேராகப் பார்த்த முன்வரிசை, உப்பங்கழி அல்லது ஆற்று முகத்துவாரத்தின் கரை, கடலிலிருந்து சில தெருக்கள் உள்ளே தள்ளி இருக்கும் பழைய குடியிருப்பு, ஊருக்குப் பின்னே உயர்ந்து செல்லும் மேட்டுப் பகுதி.

முன்வரிசையின் கவர்ச்சியை விளக்கத் தேவையில்லை. காலையில் கதவைத் திறந்தால் கடல் என்பதற்கு ஈடாக மற்ற மூன்று பகுதிகளாலும் எதையும் தர முடியாது. முன்னால் வேறொரு கட்டடம் எழுந்து காட்சியை மறைத்துவிடும் என்ற அச்சம் குறைவு. விடுமுறைக் காலத்தில் வாடகைக்கு விடுவதும் எளிது. சிக்கல் காற்றில் தொடங்குகிறது. அலை உடையும் இடத்தில் கிளம்பும் உப்புத் துகள்கள், கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டருக்குள்தான் மிக அதிகமாகப் படிகின்றன. உள்ளே செல்லச் செல்ல அந்த அளவு வேகமாகக் குறைகிறது. உலோக அரிப்பின் கடுமையை வைத்துக் காற்றுச் சூழலை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 தரநிலை, மிக மென்மையான சி1-இல் தொடங்கி சி5 வரைக்கும், அதற்கும் அப்பால் சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. அலைக்கு நேரெதிரே நிற்கும் கட்டடங்கள் இந்த வரிசையின் கடுமையான முனையை நெருங்கி நிற்பவை. மழை கழுவிவிடும் பரப்புகளைவிட, மழை படாத மறைவிடங்களில்தான் உப்பு தங்கி அரிப்பை வளர்க்கிறது. ஆள் இருக்கும் வீட்டில் ஜன்னல் கீலையும் ஏசி வெளிப்பெட்டியையும் யாராவது துடைப்பார்கள், எண்ணெய் விடுவார்கள். பூட்டிய வீட்டில் அதைச் செய்ய ஆளில்லை.

இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், விற்பனைக்கு வந்திருக்கும் புதிய கட்டடத்தைச் சுற்றிவந்து பயனில்லை. அதே வரிசையில் பத்துப் பதினைந்து ஆண்டு கடந்த கட்டடம் ஒன்றின் பால்கனிக்குக் கீழே நின்று மேலே பார்க்க வேண்டும். கைப்பிடிக் கம்பி கான்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒழுகிய கறை இருக்கிறதா, தளத்தின் அடிப்பக்கத்தில் மயிரிழை போன்ற விரிசல் உள்ளே கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாகப் போகிறதா, இன்னும் முற்றிய இடத்தில் கான்கிரீட் பொருக்குவிட்டுப் பெயர்ந்து துருவேறிய கம்பி வெளியே தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். துருவாக மாறும் இரும்பு முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே அடிக்கும் பெயிண்ட் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது.

உப்பாவது செலவு செய்து சமாளிக்கக்கூடியது. கரையே நகர்ந்துவிட்டால் செய்வதற்கு அதிகமில்லை. பிரான்சின் தென்மேற்குக் கரையில் சுலாக்-சுர்-மேர் என்ற ஊரில், 1960களின் இறுதியில் ‘லெ சின்யால்’ என்ற பெயரில் 78 வீடுகள் கொண்ட நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. அன்று கடல் ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி இருந்தது. குளிர்காலப் புயல்கள் மணற்குன்றை ஆண்டாண்டாக அறுத்துக்கொண்டே வர, 2014 ஜனவரியில் அனைவரும் வெளியேறும்படி உத்தரவானது. 2023-இல் கட்டடம் இடிக்கப்பட்டது. உரிமையாளர்கள் இழப்பீடு கேட்டபோது, பேரிடர் அபாயத்துக்கென இருந்த அரசு நிதி படிப்படியாக நிகழும் கடலரிப்புக்குப் பொருந்தாது என்ற பதில் கிடைத்தது. அந்த நிலைப்பாடு, சட்டங்கள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையா என்று பார்க்கும் பிரான்சின் அரசியலமைப்புக் குழு வரை சென்று 2018-இல் உறுதியானது. தனியே ஓர் உடன்பாடு ஏற்பட மேலும் ஈராண்டு ஆயிற்று. வாங்கிய நாளில் 200 மீட்டர் என்பது யாருக்கும் ஆபத்தான தூரமாகத் தெரிந்திருக்காது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். இன்றைய தூரத்தைவிட, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்தக் கரை எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது முக்கியம்; பழைய செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே அது ஓரளவு தெரிந்துவிடும். அருகில் துறைமுகத் தடுப்புச்சுவரோ கடலுக்குள் நீட்டிய கல்வரிசையோ இருந்தால், மணல் ஓட்டம் வந்து சேரும் பக்கத்தில் கரை வளரும், மறுபக்கத்தில் தேயும். ஒரே ஊரில், ஒரே விலைப்பட்டியலில், இந்த இரு பக்கங்களும் விற்பனைக்கு இருக்கலாம்.

முன்வரிசையின் விலையைக் கண்டு பின்வாங்குபவர்கள் அடுத்துப் பார்ப்பது உப்பங்கழிக் கரை. அலை இல்லை, தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, படகுகள் கட்டியிருக்கின்றன. கடலைவிட இதுவே பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பு. நான்கு பகுதிகளில் மக்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான் என்பேன். அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரம், 1900 செப்டம்பரில் வந்த புயலில் ஆயிரக்கணக்கானோரை இழந்த பிறகு, கடலைப் பார்த்த பக்கத்தில் பெரிய சுவர் எழுப்பி, நகரின் தரையையே மண் கொட்டி உயர்த்தியது. 2008-இல் ஐக் புயல் வந்தபோது, அந்தச் சுவர் காத்த நகருக்குள் வெள்ளம் பெரும்பாலும் பின்புறமாக, விரிகுடாப் பக்கமிருந்து ஏறியது. கடல் முகம் உயரமாகவும் பின்முகம் தாழ்வாகவும் இருக்கும் மணல்திட்டு ஊர்களுக்கெல்லாம் இந்த ஆபத்து உண்டு. முகத்துவாரம் என்றால் இன்னொன்றும் சேர்கிறது: மேலே பெய்த மழை ஆற்றில் இறங்கி வரும் அதே நேரத்தில் கடல் ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்றம், உயர்ந்திருந்தால், தண்ணீர் வடிய வழியின்றி இரண்டுக்கும் நடுவில் தேங்குகிறது.

புயல் வர வேண்டும் என்பதுகூட இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள மயாமி பீச்சில் ஆண்டின் மிக உயர்ந்த ஓதங்களின்போது, வெயில் காயும் நாளிலேயே மழைநீர் வடிகால் வழியாகக் கடல்நீர் தெருவுக்கு ஏறி வருவது பழகிப்போன செய்தி. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசாங்கக் குழுவின் 2021 அறிக்கைப்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகின் சராசரிக் கடல்மட்டம் 0.20 மீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரையிலான உயர்வு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். பாறைக்கரையில் இந்த எண்கள் கண்ணுக்குத் தெரியாது. தட்டையான கழிக்கரையில், ஆண்டுக்கு எத்தனை நாள் அணுகுசாலை முழுகும் என்பதை மாற்றுவதற்குச் சில சென்டிமீட்டர் போதும். நாம் ஊரில் இல்லாதபோது நிலத்தடி வாகன நிறுத்தத்தில் உப்புநீர் புகுந்தால், லிப்ட் குழி, மின்பெட்டி, தண்ணீர் மோட்டார் மூன்றும் ஒன்றாகப் பாழாகின்றன. மூன்றாம் மாடியில் இருக்கும் நம் பிளாட்டில் ஒரு சொட்டு நுழையாவிட்டாலும், பழுதுச் செலவில் நம் பங்கு வந்து சேரும். ஈரப்பதமும் இங்கே நிரந்தரமாக மிகுதி. பூஞ்சை வளராமலிருக்க வீட்டுக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவுறுத்துகிறது. ஜன்னல்களை மூடிவிட்டு மாதக்கணக்கில் போய்விட்டால், கழிக்கரை வீட்டில் அது இயந்திர உதவியின்றி நடக்கிற காரியமல்ல. எனவே விலையில் கிடைத்த சலுகையின் ஒரு பகுதி மின்கட்டணமாகத் திரும்பிப் போய்விடும்.

மேட்டுப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அதன் நன்மை தீமை இரண்டும் வெளிப்படையானவை. உயரம் என்பது கடலோரத்தில் வேறெதாலும் ஈடுசெய்ய முடியாத பாதுகாப்பு. ஜப்பானில் அனேயோஷி என்ற சிற்றூரில், இதற்குக் கீழே வீடு கட்ட வேண்டாம் என்று எச்சரிக்கும் கல் ஒன்று 1933-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நிறுவப்பட்டது. 2011-இல் வந்த அலை அந்தக் கல்லுக்குச் சற்றுக் கீழேயே நின்றது. ஆனால் மேடு என்பதும் செங்குத்தான கரைவிளிம்பும் ஒன்றல்ல. விளிம்பில் கட்டப்பட்ட வீடு அலையிலிருந்து தப்பினாலும் அடியில் நடக்கும் அரிப்பிலிருந்து தப்பாது. இன்னொரு குறை மனித இயல்பைச் சார்ந்தது. கடலுக்குப் போக ஒவ்வொரு முறையும் வண்டி எடுத்து, நிறுத்த இடம் தேட வேண்டியிருந்தால், முதல் ஆண்டு கடந்ததும் போவது குறைந்துவிடும். பிறகு எதற்காகக் கடலோரத்தில் வீடு வாங்கினோம் என்ற கேள்வி எழும். வயது ஏறிய பின் ஏற்றத்தில் நடப்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

உள்தெருப் பழைய குடியிருப்பு இந்த மூன்றையும்விட அழகில் குறைந்தது. காட்சி கிடையாது, தெருக்கள் குறுகல், வண்டி நிறுத்துவது தொல்லை, சத்தமும் உண்டு. இருந்தும் நான் இதையே முதலில் வைக்கிறேன். நடந்து பத்து நிமிடத்தில் கடல். முன்னால் நிற்கும் கட்டட வரிசைகள் உப்புக்காற்றின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. பல ஊர்களில் பழைய குடியிருப்பு வெள்ளம் ஏறாத சிறு மேட்டைத் தேர்ந்தே அமைந்திருக்கிறது, ஏனெனில் அங்கே முதலில் வீடு கட்டியவர்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. எல்லாவற்றையும்விட, ஆண்டு முழுவதும் ஆட்கள் வாழ்கிறார்கள். குழாய் வெடித்தால் கீழ்வீட்டில் இருப்பவருக்குத் தெரியும். பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் அதே பகுதியில் இருப்பார்கள். விடுமுறைக் காலம் முடிந்ததும் மருந்துக்கடை மூடிக்கொண்டு போய்விடாது. சுற்றுலாப் பருவம் முடிந்த ஒரு நாளில், இருட்டிய பிறகு முன்வரிசைக் கட்டடங்களையும் உள்தெருக் கட்டடங்களையும் வெளியே நின்று பார்த்து எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணினால், விற்பனை முகவர் சொல்லாத பலவும் புரிந்துவிடும்.

விளக்கு எரியும் ஜன்னல்களுக்கும் கட்டடத்தின் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு, ஏனெனில் பிளாட் என்பது தனி வீடன்று. பழுதுபார்ப்பதை உரிமையாளர் சங்கம் கூடி முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலோர் வெளியூரில் இருக்கும் கட்டடத்தில் கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கை சேராது; சேர்ந்தாலும், ஆண்டுக்கு இரண்டு வாரம் வருபவர் பெரிய செலவுக்கு ஒப்புக்கொள்ளத் தயங்குவார். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981-இல் கட்டப்பட்ட 12 மாடிக் கடற்கரைக் குடியிருப்பு, 2021 ஜூன் 24 அதிகாலையில் பாதி இடிந்து 98 பேர் உயிரிழந்தனர். அதற்கு உப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது தவறாகும்; நீச்சல்குளத் தளத்தின் வடிவமைப்புக் குறைகளும் விசாரணையில் வெளிவந்தன. ஆனால் அந்தத் தளத்தில் பெருஞ்சேதம் இருப்பதாக 2018-லேயே பொறியாளர் அறிக்கை தந்திருந்தார் என்பதும், செலவு பற்றிய இழுபறியில் ஆண்டுகள் கழிந்தன என்பதும் பதிவான செய்திகள். அதன்பின் 2022-இல் ஃபுளோரிடா, பழைய அடுக்குமாடிகளுக்குக் கட்டாயக் கட்டமைப்பு ஆய்வையும், பெரும் பழுதுகளுக்கான இருப்பு நிதியையும் சட்டமாக்கியது. வேறெங்கு வாங்கினாலும் இதே இரண்டையும் நாமாகவே கேட்டுப் பெறலாம்: கடைசிக் கட்டமைப்பு ஆய்வின் நகல், இருப்பு நிதியின் இன்றைய அளவு. கடந்த மூன்று ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளும் கிடைத்தால் இன்னும் நல்லது. பராமரிப்புக் கட்டணம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருப்பதை நான் ஒருபோதும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உள்தெருவுக்கென்றே உள்ள ஓர் இடையூறு சட்டத்தின் வழியாக வருகிறது. ஊர்மக்கள் வாழும் பகுதியில் வெளியூரார் வீடு வாங்கிப் பூட்டி வைப்பதை உள்ளூர் நிர்வாகங்கள் இப்போது எளிதாக விடுவதில்லை. இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் 2016-இல் நடந்த வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்ற விதியைப் பெரும்பான்மையோர் ஆதரித்தனர். வேல்ஸில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சி வரியில் 300 விழுக்காடு வரை கூடுதலாக விதிக்க மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. பார்சிலோனா நகரம் 2028 நவம்பருக்குள் சுற்றுலா வாடகை வீடுகளுக்கான உரிமங்களை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-இல் அறிவித்தது. ஆகவே, இல்லாத மாதங்களில் குறுகிய கால வாடகைக்கு விட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கோடு உள்தெருவில் வாங்குபவர், முதலில் அந்த வருமானத்தைச் சுழியமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சங்கத்தின் துணை விதிகளே அத்தகைய வாடகையைத் தடுத்திருக்கவும் கூடும்.

கடல் தெரியும் ஜன்னல் இல்லாமல் மனம் ஒப்பாதவர்களுக்கு ஒன்று சொல்லலாம். முன்வரிசையில் ஆண்டுதோறும் சில வாரம் வாடகைக்குத் தங்கினால், உப்பும் அரிப்பும் சங்கக் கூட்டமும் இன்னொருவர் பொறுப்பு. வாங்கத்தான் வேண்டும் என்றால் உள்தெருவில், அல்லது மேட்டுப் பகுதி தொடங்கும் அடிவாரத்தில், தரைத்தளத்தைத் தவிர்த்து, நிலத்தடி வாகன நிறுத்தம் இல்லாத கட்டடமாகப் பார்ப்பது நல்லது. முன்பணம் கொடுப்பதற்கு முன், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், முடிந்தால் மழையும் பெய்துகொண்டிருக்கும்போது, அந்தத் தெருவின் வடிகால் மூடி அருகே போய் நின்று, தண்ணீர் உள்ளே இறங்குகிறதா வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.