எழுத்தின்படியா, உருவகமா: குன்னூர் வேதபாடத்திலிருந்து ஓர் அலசல்

"சகல மலையும் குன்றும் தாழ்த்தப்பட்டு" என்று ஏசாயா 40-ல் வாசிக்கும்போது சமவெளிச் சபைகளில் யாரும் பெரிதாக நிமிர்ந்து பார்ப்பதில்லை. குன்னூரில் பார்ப்பார்கள். எங்கள் புதன்கிழமை வேதபாடத்தில் இந்த ஒரு வசனத்திலேயே ஒன்றரை மணி நேரம் போனது. பெரியப்பா எழுத்தின்படி எடுப்பவர்: கிறிஸ்து பூமியில் ஆயிரம் வருஷம் அரசாளுவார் என்று வெளிப்படுத்தின விசேஷம் 20 சொல்லும் ஆயிரவருட அரசாட்சியில் பூமி சமமாகும், தொட்டபெட்டாவும் இருக்காது. சித்தி ஆவிக்குரிய அர்த்தம் சொல்பவர்: மலை நம் பெருமை, பள்ளம் நம் சோர்வு.

இந்த வசனத்தில் நான் சித்தி பக்கம். ஆனால் மலை என்றால் பெருமை என்று அகராதி போடத் தேவையில்லை. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஜனங்களுக்கு, ராஜா வருவதற்கு வழி செப்பனிடுவதைக் காட்டிப் பேசுகிற இடம் அது. பர்லியாறு தாண்டி வளைவு வளைவாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி வருகிற நமக்கு "கோணலானது செவ்வையாகி" என்பதன் ஆறுதல் சட்டென்று புரியும். லூக்கா 3-ம் அதிகாரம் இதே வசனத்தை இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான்ஸ்நானனின் பிரசங்கத்தோடு சேர்க்கிறது. யூதேயாவில் ஒரு குன்றும் அன்று நகரவில்லை.

எலியா விஷயமும் இப்படித்தான். பழைய தீர்க்கதரிசி எலியா மறுபடி வருவார் என்று மல்கியா சொன்னதை எழுத்தின்படி எடுத்துக்கொண்டு, பஸ்கா பந்தியில் அவருக்காக ஒரு பாத்திரம் வைக்கும் வழக்கம் யூதர் வீடுகளில் இன்றும் உண்டு. இயேசுவோ மத்தேயு 11-ல் யோவானையே காட்டி, வருகிற எலியா இவன்தான் என்றார். உருவகமாக வாசிப்பதை விசுவாசக் குறைவு என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

எழுத்தின்படி வாசிப்பதாகச் சொல்பவர்கள் பலர் உண்மையில் அப்படி வாசிப்பதும் இல்லை. இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வெளிப்படுத்தின விசேஷம் 9-ல் வரும் வெட்டுக்கிளிகளை ஹெலிகாப்டர் என்கிறார்கள். அது எழுத்தா? அதுவும் உருவகம்தான், நம் காலத்துச் சாயம் பூசிய உருவகம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியும் அவரைப் பின்பற்றியவர்களும் தானியேல் 8-ல் உள்ள 2300 இராப்பகலை 2300 வருஷமாக்கினார்கள். பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படுவது என்பதை இந்தப் பூமி சுத்திகரிக்கப்படுவது என்றார்கள். கிமு 457-லிருந்து எண்ணி, 1844 அக்டோபர் 22-ல் கர்த்தர் வருவார் என்று காத்திருந்தார்கள். வந்தது ஏமாற்றம். கணக்கு எழுத்தைப் போலத் தெரிந்தாலும், அதன் முதல் இரண்டு படியும் உருவகம்.

நாமும் அந்த ஆபத்துக்குத் தூரமில்லை. 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியபோது, கடைசி காலம் என்று தேதி தேடினவர்களை எனக்கே தெரியும். அந்த வாரம் தேவைப்பட்டது கம்பளியும் அரிசியும்.

ஆயிரவருடத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. இரண்டாம் நூற்றாண்டுச் சபை ஆசிரியர்களான ஜஸ்டினும் ஐரேனியஸும் அதை எழுத்தின்படி நம்பினார்கள். பின்னால் வந்த பிஷப் அகஸ்டின் முதலில் அதே எண்ணத்தில் இருந்து, பிறகு அதைச் சபையின் காலமாகப் படித்தார். எனக்கு அகஸ்டின் சொல்வது பொருந்துகிறது. மிருகம், கொம்பு, நட்சத்திரம் என்று தரிசனமாகவே எழுதப்பட்ட இடத்தில் ஓர் எண்ணை மட்டும் காலண்டராக்குவது முறையில்லை.

சரி, அப்படியானால் எல்லாமே உருவகமா? இல்லை. இங்கே நான் பெரியப்பா பக்கம் வருகிறேன்.

எரேமியா 32-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. தீர்க்கதரிசியோ 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, ஆனதோத்தில் நிலம் வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் மறுபடியும் வாங்கப்படும் என்பதற்கு அது சாட்சி. அந்த நிலத்தை மனசு என்று விளக்கினால் அந்த வெள்ளிக்கு என்ன அர்த்தம்? இதே எரேமியா சொன்ன எழுபது வருஷத்தைத் தானியேலும் வருஷங்களாகத்தான் எண்ணினார்.

அப்புறம் ஏசாயா 65. "வீடுகளைக் கட்டி, அவைகளில் குடியிருப்பார்கள்." ஒருவர் கட்ட இன்னொருவர் குடியிருப்பதும், ஒருவர் நாட்ட இன்னொருவர் புசிப்பதும் இனி இல்லை என்கிறது அடுத்த வசனம். இதைச் சித்தி பரலோக வாசஸ்தலம் என்று விளக்க ஆரம்பித்தார். எங்கள் பாடத்துக்கு தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைனிலிருந்து ஓர் அக்கா வருவார். தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அம்மாவும் கொழுந்து பறித்தார், இவரும் பறிக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவர் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"டீச்சரம்மா, இதையும் மேலே இருக்கிற வீடுன்னு சொல்லிடாதீங்க. இதுல வீடுன்னுதானே போட்டிருக்கு."

சித்தி வாசித்துக்கொண்டிருந்த வேதாகமத்தை மூடவில்லை. விரலை அந்த வசனத்திலேயே வைத்து, "இன்னொரு தரம் நீங்களே வாசிங்கம்மா" என்றார். அக்கா எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.