கொழிஞ்சாம்பாறை வரி ஆலோசகர்: பென்ஷன் வாங்கத் தொடங்கியவளின் அனுபவம்

கேரள அரசு வேலையில் 56 வயதில் ஓய்வு. பாலக்காடு மாவட்டம் சிற்றூர் தாலுகாவில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து 2025 மே 31 அன்று வெளியே வந்தேன். 60 வயது ஆனால்தான் வருமான வரியில் 'மூத்த குடிமக்கள்'. நடுவில் இருக்கும் இந்த நாலு வருசத்தை எப்படிக் கடப்பது என்று எனக்குச் சரியாகச் சொன்னது கொழிஞ்சாம்பாறையில் மாடியில் இருக்கும் இந்த வரி ஆலோசகர் அலுவலகம்தான்.

பென்ஷனில் 40 சதவீதத்தை கம்யூட் செய்திருந்தேன், அதாவது மாசாமாசம் வாங்காமல் முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கிக்கொண்டேன். அந்தத் தொகைக்கும் கிராஜுவிட்டிக்கும் (பணிக்கொடைக்கும்) அரசு ஊழியருக்கு வரி கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் பணம் வந்ததும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாமென்று ஒரு தபால் அலுவலகத்துக்குப் போனேன். "அறுபது ஆகட்டும், வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சும்மா சேவிங்ஸ் கணக்கில் கிடந்தது பணம். ராத்திரித் தூக்கமே இல்லை.

அக்டோபரில் இந்த ஆலோசகரிடம் போனேன். கேட்டவுடனே, "டீச்சர், பணம் கைக்கு வந்து மூணு மாசம் ஆகலையே? ஐம்பத்தஞ்சு தாண்டி ரிட்டையர் ஆனவங்க போடலாம். ஸ்கூல்ல ஒரு சான்று வாங்கிட்டு நாளைக்கே போங்க" என்றார். விதியை அச்செடுத்தும் கொடுத்தார். அதைக் காட்டிய பிறகு அதே கவுண்டரில் 25 லட்சம் வாங்கிக்கொண்டார்கள். வட்டி 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒருமுறை 51,250 ரூபாய். இவரிடம் போகாமல் இருந்திருந்தால் நவம்பரோடு அந்த வாய்ப்பு போயிருக்கும்.

அந்த வட்டிக்கு வரி உண்டு. ஆனால் புதிய வரி முறையில் வருச வருமானம் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால், பென்ஷனும் வட்டியும் சேர்ந்தும் எனக்கு வரி பூஜ்யம். வட்டியில் வரி பிடித்தம் செய்யாமல் இருக்க 15ஜி படிவம் கொடுக்கச் சொன்னார். 15எச் படிவம் அப்போது அறுபது ஆனவர்களுக்கு இருந்தது. பழைய முறையில் போட்டால் என்ன வரும் என்றும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நானே சரிபார்த்தேன், ஒரு ரூபாய் பிசகவில்லை. வரி இல்லாவிட்டாலும் வருமானம் 4 லட்சம் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

என்னைப் போல மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். பங்கு ஃபண்ட் லாபத்துக்கு அந்த 12 லட்சத் தள்ளுபடி ஒத்துவராது. ஒரு வருசத்துக்கு மேல் வைத்திருந்தவற்றில் வருசத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரைதான் விலக்கு, அதற்கு மேல் 12.5 சதவீதம். மகள் கல்யாணத்துக்கு மொத்தமாக விற்க இருந்தேன். பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் விற்கச் சொன்னார். இரண்டு நிதியாண்டு, இரண்டு விலக்கு.

குறை உண்டு. படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. முட்டி வலிக்காரர்கள் பாடு கஷ்டம். ஒருமுறை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். 1,500 ரூபாய் கட்டணத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பொறுமையாகப் பேசுகிறார், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. போகும்போது கம்யூட்டேஷன் உத்தரவும் பாஸ்புக்கும் எடுத்துப் போங்கள். பன்னிரண்டு வருசம் கழித்து, கம்யூட் செய்த பகுதியும் சேர்ந்து முழுப் பென்ஷன் திரும்பும்போது என் வரி எப்படி மாறும் என்ற கணக்கை அடுத்த தடவை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.