லிப்ரே ஆபிஸ் மெயில் மெர்ஜ்: தோட்டப்புறக் கோயிலுக்கும் பள்ளிக்கும் போதுமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள கோலா கெட்டில் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் ஒரே கடிதத்தை இருநூறு முந்நூறு பேருக்குப் பெயர் மாற்றி அனுப்பும் வேலை வருடத்தில் நாலைந்து முறை வந்துவிடும். கோயில் ஆண்டுக்கூட்ட அறிவிப்பு, திருவிழா உபயக் கடிதம், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்க அழைப்பு, மரண சகாய நிதியின் சந்தா பாக்கி நினைவூட்டல். இன்னும் பல இடங்களில் ஒரு கடிதத்தைத் திறந்து, பெயரை அழித்து அடுத்த பெயரை அடித்து, ஒவ்வொன்றாக அச்செடுக்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டுப் பாக்கித் தொகையை மாற்ற மறந்தால், ஒருவர் கடன் இன்னொருவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும். சின்ன ஊரில் அது பெரிய மனக்கசப்பு.

பட்டியலில் உள்ள பெயர்களை ஒரே கடிதத்தில் தானாக நிரப்பும் முறைதான் மெயில் மெர்ஜ். இந்த வேலைக்கு லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் கடிதம் அடிக்கும் செயலியான ரைட்டர் போதும். காசு கொடுக்கத் தேவையில்லை, பழைய கணினியிலும் ஓடும், கோயில் அலுவலகத்தில் ஒன்று, செயலாளர் வீட்டில் ஒன்று என்று எத்தனை இயந்திரத்திலும் போட்டுக்கொள்ளலாம். கடிதம் அடிப்பதில் குறை சொல்ல அதிகமில்லை. முகவரி ஸ்டிக்கர் அடிப்பதில் வேர்டை விடக் கொஞ்சம் பின்தங்குகிறது. ரைட்டருக்குள் இருக்கும், படிப்படியாகக் கேட்டு வழிகாட்டும் மெயில் மெர்ஜ் விஸார்டை மட்டும் நம் ஊர்ப் பெயர்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

பலர் தடுக்கி விழும் முதல் இடம் லிப்ரே ஆபிஸின் டேட்டாபேஸ் செயலியான பேஸ். மெயில் மெர்ஜுக்கு டேட்டாபேஸ் வேண்டும் என்று படித்தவுடன் பேஸில் புதிதாக ஒன்றை உருவாக்கத் தொடங்குகிறார்கள். உள்ளேயே சேமிக்கும் வழக்கமான பேஸ் கோப்புக்கு ஜாவா என்ற துணை மென்பொருள் வேண்டும்; கணினியில் அது இல்லையென்றால் அங்கேயே வேலை நின்றுபோகும். தேவையே இல்லை. உறுப்பினர் பட்டியல் கால்க் (லிப்ரே ஆபிஸின் ஸ்ப்ரெட்ஷீட் செயலி) தாளிலோ எக்செல் கோப்பிலோ ஏற்கெனவே இருக்கும். ஃபைல் மெனுவில் நியூ, பிறகு டேட்டாபேஸ் என்று போய், ஏற்கெனவே உள்ள தரவோடு இணைப்பதைத் தேர்ந்து, வகையாக ஸ்ப்ரெட்ஷீட்டைக் கொடுத்து, கோப்பைக் காட்டுங்கள். பதிவு செய்யட்டுமா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். இப்போது உருவாகும் பேஸ் கோப்பில் தரவு எதுவும் இருக்காது. உங்கள் தாள் எங்கே இருக்கிறது என்ற வழி மட்டும் அதில் இருக்கும். தாளை வேறு ஃபோல்டருக்கோ பென்டிரைவுக்கோ நகர்த்தினால் இணைப்பு அறுந்துபோவது அதனால்தான். தாளையும் பேஸ் கோப்பையும் ஒரு நிரந்தர இடத்தில் வைத்துவிட்டு, பிறகு கையை வைக்காதீர்கள்.

அடுத்து, ரைட்டரில் கடிதத்தைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் 4 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேலே டேட்டா சோர்ஸ் பலகை விரியும். தாளின் ஒவ்வொரு ஷீட்டும் ஒரு டேபிளாகத் தெரியும். வேண்டிய பத்தியின் (காலம்) தலைப்பைப் பிடித்து இழுத்துக் கடிதத்தில் விட்டால் அந்த இடத்தில் ஃபீல்ட், அதாவது பட்டியலின் மதிப்பு வந்து நிரம்பும் இடக்குறி, உட்கார்ந்துகொள்ளும். ஒரு வரிசையைத் தேர்ந்து டேட்டா டூ ஃபீல்ட்ஸ் பொத்தானை அழுத்தினால் உண்மையான பெயரோடு கடிதம் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். இந்த இழுத்துவிடும் முறை எளிமையானது, கண்ணுக்குத் தெரிகிறது, விஸார்டின் படிகளை விட வேகமானது.

விஸார்டு ஏன் வேண்டாம்? முதல் பெயர், குடும்பப் பெயர் என்று மேல்நாட்டு முறையில் அது பெயரைப் பிரித்துப் பார்க்கிறது. விளிக்கும் வரியில் குடும்பப் பெயரைப் போடுகிறது. நம் உறுப்பினர் பட்டியலில் இருப்பது முனியாண்டி த/பெ ராமன் என்ற அமைப்பு; அடையாள அட்டையில் மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கமாக ஏ/எல், ஏ/பி என்று இருக்கும். கடைசிப் பெயரைக் குடும்பப் பெயர் என்று பொருத்திவிட்டால், கடிதம் முனியாண்டிக்குப் போகும், வணக்கம் மட்டும் அவர் அப்பாவுக்குப் போகும். வேர்டில் உள்ள கிரீட்டிங் லைனுக்கும் இதே கோளாறு உண்டு. முகவரியிலும் அப்படித்தான்: ஊர், மாநிலம், கடைசியில் அஞ்சல் குறியீடு என்ற அமெரிக்க வரிசைக்குப் பழகிய கட்டம் அது. நமக்கு 09300 கோலா கெட்டில் என்று எண் முன்னால் வரவேண்டும், மாநிலம் அடுத்த வரி.

தாளிலேயே 'விளி' என்று ஒரு தனிப் பத்தி வைத்து, திரு, திருமதி, செல்வி, டத்தோ என்று கையால் நிரப்பிவிடுவதே நல்லது. ஆண் என்றால் இது, பெண் என்றால் அது என்று கண்டிஷனல் டெக்ஸ்ட் ஃபீல்டில் எழுதவும் வழி உண்டு: டேட்டாபேஸ் பெயர், டேபிள் பெயர், ஃபீல்ட் பெயர் மூன்றையும் புள்ளியால் கோர்த்து, இரண்டு சமக்குறி போட்டு, மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அந்தச் சூத்திரம் பொருந்தாது. மரியாதையைச் சூத்திரத்திடம் விடவேண்டாம்.

இனித் தாளைப் பற்றி. மெர்ஜில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு மென்பொருளில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. கெடாவில் இருப்பவர்களுக்கு முதல் தலைவலி பூஜ்யம். சுங்கைப்பட்டாணி 08000, கூலிம் 09000, பாடாங் செராய் 09400, லுனாஸ் 09600. தாளில் சாதாரணமாக அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்துவிடும். உறையில் 9300 என்று நாலிலக்கமாக அச்சாகும். கைப்பேசி எண்ணுக்கும் இதே கதி. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எண்களும் பூஜ்யத்தில்தான் தொடங்கும் என்பதால், அவர்கள் இருக்கும் பட்டியலில் இது இன்னும் மோசம். எக்செல்லில் கோடில்லாமல் 12 இலக்க அடையாள அட்டை எண்ணை அடித்தால் அது அறிவியல் குறியீட்டில் சுருங்கியும் நிற்கும்.

பூஜ்யம் தெரியும்படி தாளின் அந்த அறைக்கு (செல்) 00000 என்ற வடிவம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தாளில் பூஜ்யம் தெரியும், உள்ளே இருப்பது இன்னும் 9300 என்ற எண்தான், கடிதத்துக்கு அதுவே போகலாம். அடிப்பதற்கு முன்பே பத்தி முழுவதையும் டெக்ஸ்ட் வகைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே விழுந்த பூஜ்யத்தை மீட்க, பக்கத்துப் பத்தியில் டெக்ஸ்ட் ஃபங்க்ஷனில் 00000 என்ற வடிவத்தைக் கொடுத்து, வந்த விடையை மதிப்பாக மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டு எண்ணும் இதே வகைதான், ஆனால் பலர் கவனிப்பதில்லை. ஒரு பத்தி எண்ணா எழுத்தா என்பதை இந்த மென்பொருள்கள் மேல் வரிசைகளைப் பார்த்து ஊகிக்கின்றன. எக்செல் தாளை வேர்ட் வாசிக்கும்போது வழக்கமாக முதல் 8 வரிசையைப் பார்க்கும். மேலே 12, 14, 27 என்று எண்ணாக இருந்து கீழே 12ஏ வந்தால், அந்த வீட்டுக்காரர் கடிதத்தில் எண் காலியாகிவிடலாம். தோட்ட லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) மாறியவர்களின் முகவரிகளில் இப்படிப்பட்ட எண்கள் நிறைய. 12-3 என்று அடித்ததை எக்செல் தேதியாக மாற்றிவிடுவதும் உண்டு. ஆகவே வீட்டு எண்ணும் டெக்ஸ்ட். மெர்ஜுக்கு முன் அந்தப் பத்தியை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை கண்ணால் பார்த்துவிடுங்கள். முந்நூறு வரிசைக்கு அதிக நேரம் ஆகாது.

பத்தித் தலைப்புகள் முதல் வரிசையிலேயே இருக்கவேண்டும். மேலே கோயில் பெயரைப் பெரிதாகப் போட்டு அறைகளை ஒன்றாகச் சேர்த்து அழகுபடுத்திய பட்டியல் இதற்கு ஆகாது. அந்தப் பெயரே ஃபீல்ட் பெயராகிவிடும். தலைப்பு இடைவெளி இல்லாத சிறு ரோமன் சொல்லாக இருந்தால் பின்னால் நிபந்தனை எழுதச் சுலபம். நடுவில் காலி வரிசை இருந்தால் பெயரில்லாத கடிதம் ஒன்று அச்சாகும்.

தோட்ட முகவரிகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. சிலருக்குத் தோட்ட ஆபீஸ் மேற்பார்வையில் இரண்டே வரி, சிலருக்கு லோரோங், தாமான், முக்கிம் என்று ஐந்து வரி. காலி ஃபீல்ட் இருக்கும் வரி அப்படியே வெற்றிடமாக நின்றால் முகவரி பல் போன வாய் மாதிரி இருக்கும். ரைட்டரின் அமைப்புகளில், மதிப்பில்லாத டேட்டாபேஸ் ஃபீல்ட் உள்ள பாராகிராஃபை மறைக்கும் தேர்வு இருக்கிறது. அது வேலை செய்ய ஒவ்வொரு முகவரி ஃபீல்டும் தனிப் பாராகிராஃபாக இருக்கவேண்டும். ஷிஃப்ட் என்டர் போட்டு உடைத்த வரிகளுக்கு அது பலிக்காது.

பாக்கித் தொகை 36 என்று மொட்டையாக வந்தால் ஃபீல்டை இருமுறை சொடுக்கி, வடிவத்தைப் பயனர் வரையறுத்ததாக மாற்றி, இரண்டு தசம இடம் கொடுங்கள். எக்செல்லிலிருந்து வேர்டுக்கு இழுக்கும்போது 49.90 ரிங்கிட் நீண்ட தசமமாகச் சிதறுவதும் உண்டு. அங்கே ஆல்ட் எஃப் 9 அழுத்தி ஃபீல்ட் குறியைத் திறந்து கையால் வடிவம் எழுதவேண்டும். இந்த ஒன்றில் லிப்ரே ஆபிஸ் வேர்டை விட நட்பாக இருக்கிறது.

பாக்கி உள்ளவர்களுக்கு மட்டும் கடிதம் போகவேண்டும் என்றால் டேட்டா சோர்ஸ் பலகையிலேயே ஸ்டாண்டர்ட் ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பலகையில் தரவைத் திருத்த முடியாது. ஸ்ப்ரெட்ஷீட் இணைப்பு வாசிக்க மட்டும்தான். தாளில் திருத்திச் சேமித்தாலும் பலகையில் பழைய மதிப்பே நிற்கும். டேட்டாபேஸ் பெயரின் மேல் வலது சொடுக்கி இணைப்பை மூடித் திரும்பத் திறந்தால்தான் புதியது வரும். சந்தா கட்டியவரை நீக்கிவிட்டோம் என்று நினைத்து, அவருக்கே நினைவூட்டல் அச்சடிப்பது இந்த இடத்தில்தான் நடக்கிறது. லிப்ரே ஆபிஸ் மேல் உண்மையாகவே வருத்தம் வரும் குறை இது. ஒரு சின்ன எச்சரிக்கையாவது காட்டியிருக்கலாம்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ரைட்டர் தமிழைக் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் வகையில் வைத்து, அதற்கு ரோமன் எழுத்துக்கு வேறான எழுத்துருவைப் பயன்படுத்துகிறது. ஒரே ஃபீல்டில் சிலர் பெயர் தமிழிலும் சிலர் பெயர் ரோமனிலும் வந்தால் எழுத்துருவும் அளவும் மாறிமாறித் தெரியும். ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குப் போய்க் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்டைத் தமிழுக்கு வைத்து, பாராகிராஃப் ஸ்டைலில் இரண்டு எழுத்துருவையும் அளவோடு முடிவு செய்துவிடுங்கள். முரசு அஞ்சலின் பழைய பதிப்பிலோ, வேறு யூனிகோடு அல்லாத எழுத்துருவிலோ அடித்த பழைய பட்டியல்கள் நம் சங்கங்களில் நிறைய இருக்கின்றன. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் மெர்ஜில் கொடுத்தால் புரியாத குறிகளே வரும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வந்த பட்டியலை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்து தமிழ் சிதைந்தால், கால்க்கில் திறந்து பாருங்கள். எழுத்துக் குறியீடு எது என்று அது கேட்கும். யூடிஎஃப் 8 கொடுத்து, அதே சாளரத்தில் அஞ்சல் குறியீட்டுப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டால் பூஜ்யமும் பிழைக்கும்.

அச்சிடும்போது, இது படிவக் கடிதமா என்று ரைட்டர் கேட்கும். ஆம் என்றால் வரும் சாளரத்தில் நேரே பிரிண்டரைத் தேர்ந்துவிடாமல், ஃபைல், ஒற்றை ஆவணம் என்று தேர்ந்து சேமியுங்கள். அதைத் திறந்து முதல் பத்து, கடைசிப் பத்துக் கடிதங்களைப் படித்துப் பார்த்த பிறகே தாளை வையுங்கள். முந்நூறு ஒரு பக்கக் கடிதத்துக்கு ஏறக்குறைய இருமடங்கு பக்கம் காட்டுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கடிதமும் பக்கம் 1இல் தொடங்குவதால் நடுவே வெற்றுப் பக்கம் தானாகச் சேர்கிறது. பிரிண்ட் அமைப்பில், தானாகச் சேர்த்த வெற்றுப் பக்கங்களை அச்சிடும் தேர்வை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் போய்விட்ட பிள்ளைகளுக்கு வாட்சாப்பில் அனுப்ப, தனித்தனி பிடிஎஃப் ஆகவும் எடுக்கலாம். கோப்புப் பெயரைப் பட்டியலின் ஒரு பத்தியிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர்ப் பத்தியைக் கொடுக்காதீர்கள். ஏ/எல், ஏ/பி நடுவில் உள்ள சாய்கோடு கோப்புப் பெயரில் நிற்காது. உறுப்பினர் எண்ணைக் கொடுங்கள். அடையாள அட்டை எண்ணும் கூடாது, அது வாட்சாப்பில் யார் யார் கைக்கோ போகும்.

ஸ்டிக்கருக்கு ஃபைல், நியூ, லேபில்ஸ். ஏவெரி எல்7160, அதாவது 63.5க்கு 38.1 மில்லிமீட்டரில் ஒரு ஏ4 தாளுக்கு 21 ஒட்டி, பட்டியலில் தயாராக இருக்கிறது. வேறு பிராண்டு என்றால் உறையில் போட்டிருப்பதை நம்பாமல் அளவுகோல் வைத்து அளந்து கொடுங்கள். ஆப்ஷன்ஸ் தாவலில் சிங்க்ரனைஸ் கண்டென்ட்ஸ் தேர்வை முதலிலேயே போடுங்கள். மறந்தால் முதல் ஒட்டியில் எழுத்தைப் பெரிதாக்கியது மற்ற இருபதுக்கும் போகாது, தொடக்கத்திலிருந்து செய்யவேண்டும். வேர்டில் அப்டேட் லேபில்ஸ் பொத்தான் ஒன்றே போதும். கீழே போகப் போக முகவரி ஒட்டியை விட்டு நகர்ந்தால், பக்கம் லெட்டர் அளவில் இருக்கிறதா, பிரிண்டர் பக்கத்துக்கு ஏற்பச் சுருக்குகிறதா என்று பாருங்கள். ஏ4, நூறு விழுக்காடு, இரண்டும் சரியாக இருக்கவேண்டும். முதலில் சாதாரணத் தாளில் ஒரு பக்கம் அடித்து, ஸ்டிக்கர் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாதி ஒட்டி எடுத்த தாளை லேசர் பிரிண்டரில் மறுபடி விடாதீர்கள். பசை சூட்டில் இளகி உள்ளே உருளையில் ஒட்டிக்கொண்டால், முந்நூறு கடிதத்தில் மிச்சம் பிடித்த காசு பிரிண்டர் பழுதுக்குப் போய்விடும்.