கொத்துக்குக் குறையில்லை, துண்டுதான் சரியில்லை

ஏப்ரல் சீசன் பார்க்க நுவரெலியா போன அன்று, பூ பார்த்து, ஏரியைச் சுற்றி, கால் ஓய்ந்த பிறகு நாங்கள் ஐந்து பேர் ஏறிய மாடிக் கடை இது. பெயர் வேண்டாம்.

முதலில் சாப்பாடு. சிக்கன் கொத்து அருமை. ரொட்டியை மாவாக்கிவிடாமல் பதமாகக் கொத்தியிருந்தார்கள். லீக்ஸ் தாராளம், காலையில் பிடுங்கியதுபோல் மணம். குழம்பு இரண்டாம் தடவை கேட்டும் யாரும் முகம் சுளிக்கவில்லை. பிரைட் ரைஸ் சுமார். பேத்திக்குச் சொன்ன சூப் ஆறிப்போய் வந்தது. அந்தக் குளிரில் யாரைக் குறை சொல்ல?

பிறகு பில். உள்ளங்கை அளவு வெள்ளைத் தாள்துண்டு. கடைப் பெயர் இல்லை, திகதி இல்லை, தொடர் இலக்கம் இல்லை. பேனாவால் நாலு வரி: சாப்பாடு 8,400, சேவை 840, வற் (பெறுமதி சேர் வரி) 1,512, மொத்தம் 10,752. கூட்டல் சரிதான். நான் 22 வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைத்து எழுதிவிட்டால் பறித்த அம்மா மடுவத்தை, அந்த நிறுக்கிற கொட்டகையை, விட்டு நகராது. அதனால் துண்டு என்று ஒன்று கைக்கு வந்தால் எனக்கு மேலிருந்து கீழே வாசிக்காமல் விட முடியாது.

கல்லாவில் இருந்த பையனிடம் கேட்டேன்: "தம்பி, வற் நம்பர் எங்க?"

"பில் மெஷின் ஒடஞ்சிருச்சுங்க ஐயா."

கார்ட் மெஷினும் அன்றைக்கென்று உடைந்திருந்தது. காசு மட்டும்தான்.

வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18%. பதிவு செய்த கடைக்கு 7000 என்று முடிகிற இலக்கம் இருக்கும். சான்றிதழைப் பார்க்கிற இடத்தில் மாட்டவேண்டும். இங்கே கல்லாவுக்குப் பின்னால் பிள்ளையாரும் ஒரு கலண்டரும்தான். பதிவு இல்லாத கடை வற் என்று ஒரு சதமும் கேட்கக்கூடாது. அதே வருஷம் பதிவுக்கான எல்லையை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா வியாபாரம் என்று இறக்கினார்கள், அதாவது நாளைக்கு ஏறத்தாழ 164,000. சந்தியில் ரோல்ஸும் பிளேன்டீயும் விற்கிற அண்ணன் அந்தப் பக்கமே வரமாட்டார், அவரிடம் போய் வற் பில் கேட்பது அநியாயம். இந்தக் கடையில் நான் எண்ணியது 16 மேசை, படிக்கட்டில் வேறு ஆள் காத்து நின்றது. சீசனில் தாண்டும், மழை மாதங்களில் எப்படியோ.

முதலாளி வந்தார். தன்மையான மனிதர். "என்னங்கய்யா பிரச்சின?" நம்பரைக் கேட்டேன். பையனிடமிருந்து பேனாவை வாங்கி, துண்டில் வற் எழுதியிருந்த வரியை ஒரே கோட்டில் அடித்தார். "நீங்க 9,240 குடுங்க, போதும்."

மகனுக்குச் சந்தோஷம், 1,512 மிச்சமாம். எனக்கு அங்கேதான் உறுத்தியது. இறைவரித் திணைக்களத்துக்குப் போகிற காசு என்றால் இவர் எப்படி இவ்வளவு லேசாக அடிப்பார்? பக்கத்து மேசைக் குடும்பம், வெளியூர் ஆட்கள், அதேமாதிரித் துண்டுக்கு முழுக்காசையும் எண்ணி வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்கள் கட்டிய வற் எந்தப் பெட்டிக்குள் விழுந்ததோ!

பரிமாறிய பையன் தலவாக்கலைப் பக்கம். "அந்தச் சேவைக் காசு 840 ஒங்களுக்கு வருமா தம்பி?" என்றேன். சிரித்தான். அவன் கையில் தனியாக 200 வைத்தேன்.

கொத்துக்காக மறுபடி போகலாம், காசோடும் கேள்வியோடும். கடைசியாக, 9,240க்காவது ஒரு ரிசீட் கேட்டேன். புத்தகம் முடிந்துவிட்டதாம். சரி, அடித்த அந்தத் துண்டையாவது தாங்க என்றேன். அது அதற்குள் முதலாளியின் சட்டைப் பைக்குள் போயிருந்தது.