மேற்கோளா, சொந்த நடையா?

ஆய்வேட்டுக்காகக் கன்னிமாரா நூலகத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்தாலே இந்தக் குழப்பம்: ஆசிரியர் எழுதியதை அப்படியே எடுப்பதா, நம் நடையில் சொல்வதா?

மேற்கோளில் ஒரு நிம்மதி. மேற்கோள்குறி போட்டு, யார் எழுதியது என்று சொல்லிவிட்டால், யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகள்படி அது ஒப்புமைக் கணக்கில், அதாவது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் போடும் கணக்கில், சேராது. ஆனால் பக்கத்துக்கு ஐந்து மேற்கோள் போட்டால் ஆய்வேடு ஒட்டுப்போட்ட துணிதான்.

சொந்த நடைதான் வம்பு. ‘பெருகியது’ என்பதை ‘அதிகரித்தது’ என்று மாற்றிவிட்டு வாக்கியத்தை அப்படியே விடுவோம். மென்பொருள் கோட்டைவிட்டாலும் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் பிடித்துவிடுவார். நான் மாட்டியது அப்படித்தான். இப்போதெல்லாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதுகிறேன், பிறகு திறந்து சரிபார்க்கிறேன். இதற்கும் மூலத்தைச் சொல்லியாக வேண்டும், கருத்து அந்த ஆசிரியருடையதாயிற்றே!

என் ஓட்டு சொந்த நடைக்கு. கவிதை, சட்ட வாசகம், வரையறை என்றால் மட்டும் மேற்கோள்.